உஷார்! ‘சேர் நல்லாத்தான் இருக்கிறார்’ என்று நம்பிவிடாதீர்கள்

உங்கள் வீட்டில் பல்கலைக்கழக விரிவுரையாளர் யாராவது இருக்கிறார்களா? அல்லது நீங்களே அந்த வேலையில் இருப்பவரா? அப்படியானால் இதை நாளைக்கு என்று ஒதுக்கிவைக்காமல் இப்போதே வாசித்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் கௌரவமான உத்தியோகம், மாதம் பிறந்தால் சம்பளம், ஊரில் ஒரு மரியாதை. உள்ளே தூக்கம் குறைகிறது, கோபம் கூடுகிறது, வாரக் கடைசியில்கூட மனம் ஆறுவதில்லை. இதை ‘கெம்பஸ் வேலை என்றால் அப்படித்தான்’ என்று தள்ளிவிடுவதுதான் முதல் ஆபத்து.

பெரகல சந்தியில் நிற்பவருக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. கொழும்புப் பக்கமாக இறங்கினால் ஹல்துமுல்ல தாண்டி பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம். ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல வழியாகப் போனால் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். முன்னது 1995இல் வந்தது, பின்னது 2005இல் வந்தது. கொழும்பு - பதுளை 99ஆம் இலக்க பஸ் இரண்டு ஊரையும் தொட்டுத்தான் ஓடுகிறது. வெள்ளி இரவு மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களும், திங்கள் காலை வகுப்புக்காக ஞாயிறு இரவே திரும்புகிறவர்களும் அந்த பஸ்ஸில் இருக்கிறார்கள். குடும்பம் ஒரு மாவட்டத்தில், வேலை இன்னொரு மாவட்டத்தில். அவர்களில் பலர் இளம் விரிவுரையாளர்கள். தகுதிகாண் காலம் இன்னும் முடியாதவர்கள்.

சுமை எப்படி ஏறியது?

ஒரே நாளில் ஏறியதல்ல. 2019 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு தொகுதி மாணவர்கள் எழுதினார்கள். பல்கலைக்கழகங்கள் வழமையைவிட அதிகம் பேரை எடுக்க வேண்டி வந்தது. அதைச் செரிப்பதற்குள் கொரோனா. 2021க்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. 2022க்குரியது 2023 ஜனவரிக்குப் போனது. தள்ளிப்போன பெட்ச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஒரு செமஸ்டருக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆசிரியருக்குக் கிடைத்த மூச்சுவிடும் நேரம் சுருங்கியது. ஆராய்ச்சியும் எழுத்தும் அந்த இடைவெளியில்தான் நடக்க வேண்டியவை.

2022இல் பொருளாதாரம் சரிந்தது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. இருந்தவர்களிலும் பலர் கிளம்பினார்கள். அரசாங்கம் புதிய நியமனங்களை இறுக்கியது. 2023 ஜனவரியில் வருமான வரி உயர்ந்தபோது விரிவுரையாளர்கள் வீதிக்கு வந்தார்கள். 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. அது முடிந்ததும் விட்டுப்போன பாடங்களையும் பரீட்சைகளையும் அவசரமாக ஓட்டிப் பிடிக்க வேண்டியதாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் மலைகளைச் சரித்தது. வீட்டை இழந்த பிள்ளைகளும் உறவை இழந்த பிள்ளைகளும் இருக்கிற வகுப்பறையில் ஆசிரியர் எதுவும் நடக்காததுபோலப் பாடம் தொடங்க முடியாது.

போனவரின் பாடம் இருப்பவரின் தலையில். ஒருவர் இரண்டு பேரின் வேலையைப் பார்க்கிறார். ஆனாலும் உஷார் என்று நான் சொல்ல வந்தது இந்தக் கணக்கில் வரும் சுமையைப் பற்றி மட்டும் அல்ல.

எந்தப் பட்டியலிலும் ஏறாத வேலை

இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப் அடிக்கிறது. “சேர், முழிப்பா இருக்கீங்களா?” அதற்குப் பின்னால் என்ன வரும் என்று அனுபவமுள்ள எந்த விரிவுரையாளருக்கும் தெரியும். தோட்டத்தில் அப்பாவுக்கு அடிபட்டுவிட்டது, படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகவா? மஹாபொல காசு இன்னும் வரவில்லை, இந்த மாதம் சாப்பாட்டுக்கு வழியில்லை. அம்மா மத்திய கிழக்கில், ஊரில் தங்கச்சியைப் பார்க்க ஆளில்லை. விடுதியில் சீனியர்மார் இரவில் கூப்பிடுகிறார்கள், பயமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்றுமே விளங்கவில்லை, எனக்கு இந்த இடம் தகாது. சில நேரம் அதற்கும் மேலே, வாசித்தவரின் கை நடுங்கும் ஒரு வரி.

மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் போகிற பிள்ளை பெரும்பாலும் அந்த லயத்திலிருந்து முதன்முதலாகப் போகிற பிள்ளை. வீட்டில் கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த பிள்ளைக்கும் இந்தக் குளிரும் புதிது, சுற்றியுள்ள மொழியும் புதிது. தமிழில் பேசக்கூடிய விரிவுரையாளர் துறையில் ஒருவர்தான் என்றால் பிள்ளைகள் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். அவர் கற்பிக்கிற பாடம் கணக்கியலாக இருக்கலாம், தேயிலைத் தொழில்நுட்பமாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு அவர் அண்ணன், அக்கா, மொழிபெயர்ப்பாளர், சில நாட்களில் கடன் கொடுப்பவரும்கூட.

‘மாணவர் ஆலோசகர்’ என்று ஒரு பதவியும் உண்டு. அதை வகிப்பவரும் பெரும்பாலும் ஒரு விரிவுரையாளரே. தன் வகுப்புகளோடு சேர்த்து இதையும் பார்க்கிறார். உளவளத்துணையில் முறையான பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் முறைப்பாடு வந்தால் விடுதிக்கு ஓடுகிறவரும், மறுநாள் இரண்டு தரப்பின் கோபத்தையும் வாங்குகிறவரும் மனிதர்தானே.

இந்த வேலைக்கு மணித்தியாலக் கணக்கு கிடையாது. பதவி உயர்வுக்கான புள்ளியில் ஆய்வுக் கட்டுரைக்கு இருக்கிற கனம் இதற்கு இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1983இலேயே விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, முகத்தில் ஒரு உணர்ச்சியைக் காட்டி மனதில் இன்னொன்றை அடக்குவதும் உழைப்புத்தான், அதற்கும் விலை உண்டு என்று எழுதினார். டென்மார்க் ஆய்வாளர்கள் உருவாக்கிய கோபன்ஹேகன் வினாக்கொத்து வேலையின் அளவைத் தனியாகவும், வேலை கேட்கிற உணர்ச்சிச் சுமையைத் தனியாகவும், மேலதிகாரியும் சக ஊழியரும் தருகிற ஆதரவைத் தனியாகவும் அளக்கிறது. மூன்றையும் ஏன் பிரித்து அளக்கிறார்கள்? பத்து மணி நேரம் விடைத்தாள் திருத்தியவரின் களைப்பு வேறு. சாக வேண்டும்போல இருக்கிறது என்று சொன்ன பிள்ளையோடு ஒரு மணி நேரம் பேசியவரின் களைப்பு வேறு. முதலாவது தூங்கினால் போகும்.

ஆதரவு இல்லாத இடத்தில்தான் ஆபத்து

2001இல் டெமரூட்டி, பக்கர் முதலிய ஆய்வாளர்கள் முன்வைத்த கோட்பாடு ஒன்று இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அதன் சாரம் எளிது. வேலை கேட்பது ஒரு பக்கம். வேலை தருவது மறுபக்கம். தருவது என்றால் சம்பளம் மட்டுமல்ல. நம்பிப் பேசக்கூடிய துறைத்தலைவர், கைமாற்றிக்கொள்ளச் சக ஆசிரியர், தன் நேரத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை, செய்ததைக் கண்டுகொள்கிற ஒரு வார்த்தை. கேட்பது கூடிக்கொண்டே போய் தருவது தேய்ந்துகொண்டே போனால் ஆள் வற்றிப்போகிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த வற்றிப்போதலைத் தன் நோய் வகைப்பாட்டில் தெளிவாக எழுதியது. ஒரு விடயத்தைக் கவனியுங்கள்: அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருகிற தொழில்சார் நிலை என்றுதான் சொன்னது. அதாவது பழுது ஆளிடம் என்று முடிவுகட்டுவதற்கு முன் வேலையிடத்தைப் பார்க்க வேண்டும்.

பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். பிரித்தானியாவின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2018 பெப்ரவரியில் ஒரு விரிவுரையாளர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 418 விடைத்தாள்களை 20 நாளில் திருத்த வேண்டியிருந்தது என்பது பின்னர் வெளியே வந்தது. மாணவர்கள் நேசித்த ஆசிரியர் அவர். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் தேடுவது தவறு. ஆனால் நல்ல ஆசிரியர், சிரித்த முகம், எல்லோருக்கும் உதவுகிறவர் என்ற அடையாளங்கள் யாரையும் காப்பாற்றிவிடாது என்பதற்கு அது சாட்சி.

இந்த மலையில் எச்சரிக்கையின் பெறுமதி தெரியாதவர் இல்லை. பெரகலையிலிருந்து வெல்லவாய வீதியில் போனால் வருகிற கொஸ்லந்தைக்கு அருகே, மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயன்களோடு மலை சரிந்தது. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. ஜனங்கள் பிடிவாதம் பிடித்து இருக்கவில்லை. போய்க் குடியிருக்க நிலம் கொடுபடவில்லை. விரிவுரையாளரிடம் ‘ஓய்வெடுங்கள், மனதை லேசாக வைத்திருங்கள்’ என்று சொல்லிவிட்டு அவரது வகுப்பில் ஒன்றையும் குறைக்காமல் விடுவதும் அதே வகை எச்சரிக்கைதான்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உஷார்!

உங்களிடமோ, பக்கத்து மேசைக்காரரிடமோ, வீட்டில் இருப்பவரிடமோ இவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் சும்மா விடாதீர்கள்.

- தூங்கி எழுந்தும் களைப்பு தீரவில்லை. ஞாயிறு மாலை வந்தாலே நெஞ்சு கனக்கிறது.
- முன்பு பிள்ளைகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இப்போது ‘இதுகளைத் திருத்த முடியாது’ என்கிறார். இந்த எரிச்சல் குணம் கெட்டதன் அடையாளம் இல்லை. உள்ளே இருப்பு தீர்ந்துவிட்டதன் அடையாளம்.
- எதைச் செய்தும் பிரயோசனமில்லை என்ற எண்ணம். ஆய்வுக் கட்டுரையைத் திறந்து வைத்துவிட்டு வெறித்துப் பார்த்திருத்தல்.
- தொலைபேசி மணி கேட்டாலே திடுக்கிடல்.
- சாப்பாட்டு மேசையைத் தவிர்த்தல், தேநீர் நேரத்தில் அறைக் கதவைப் பூட்டிக்கொள்ளல்.
- தலைவலி, நெஞ்செரிவு, இடுப்பு வலி என்று மாறி மாறி வந்தும் பரிசோதனையில் ஒன்றும் அகப்படாமை.
- இரவில் ஒரு கிளாஸ் இல்லாமல் தூக்கம் வராமை.
- ‘நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி’ என்ற மாதிரியான பேச்சு. இதை ஒருபோதும் பகிடியாக எடுக்காதீர்கள். அன்றைக்கே உதவி தேடுங்கள்.

ஏமாந்துவிடாதீர்கள்!

ஒரு நாள் பயிற்சிப் பட்டறை. யோகாசனம், மூச்சுப் பயிற்சி, பிறகு மதியச் சாப்பாட்டுப் பொதி, குழுப் புகைப்படம். யோகாவில் குறையில்லை. ஆனால் பட்டறை முடிந்த மறுநாள் அதே நேரசூசி, அதே இருநூறு விடைத்தாள் என்றால் அது மருந்தும் இல்லை, ஆதரவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் வேலையின் அமைப்பையே மாற்றச் சொல்கிறது; மேலதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்பதும் அதே நிறுவனத்தின் கணக்குத்தான்.

‘நீங்கள்தான் நல்லாச் செய்வீங்கள்’ என்ற புகழ்ச்சி. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவரின் மேசையில்தான் எல்லாக் குழுவின் கோப்பும் வந்து சேரும். தகுதிகாண் விரிவுரையாளர்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். பட்டப்பின் படிப்பைக் குறித்த காலத்துக்குள் முடித்தால்தான் உங்கள் வேலை நிலைக்கும். அந்த நேரத்தை விழாக் குழு தின்றுவிட்டால் பிறகு யாரும் ஈடு தரமாட்டார்கள்.

பிணைக் கையொப்பம். படிப்பு விடுப்பில் வெளிநாடு போகிறவர் திரும்பி வந்து வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதுகிறார். அதற்குப் பிணை நிற்பவர் பெரும்பாலும் சக விரிவுரையாளர். போனவர் வராவிட்டால் கடிதம் பிணை நின்றவருக்கு வரும். நட்புக்காகப் போட்ட கையெழுத்து வருடக்கணக்காகத் தூக்கத்தைக் கெடுக்கும். தொகையையும் நிபந்தனையையும் வாசிக்காமல், வீட்டில் சொல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடைத் தூக்க மாத்திரை. வைத்தியர் எழுதித் தராமல், நண்பர் தந்த மாத்திரையை விழுங்காதீர்கள். களைப்பு என்று நீங்கள் நினைப்பது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வேறு சிகிச்சை உண்டு, அது குணமாகும்.

‘மனநல வைத்தியரிடம் போனால் பைத்தியம் என்பார்கள்’ என்ற பயம். பிள்ளைகளுக்கு ‘உதவி கேட்பதில் வெட்கமில்லை’ என்று வகுப்பில் சொல்கிற அதே வாய்தான் தனக்கென்று வரும்போது மூடிக்கொள்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

விரிவுரையாளர்களே, மாணவர் பேசுவதற்கு நேரம் குறித்துவிடுங்கள். அதை அறைக் கதவில் ஒட்டுங்கள். உயிராபத்துச் செய்திக்கு மட்டும் இரவில் பதில், மற்றவற்றுக்குக் காலையில். கேட்பது உங்கள் வேலை, குணப்படுத்துவது உங்கள் வேலை இல்லை. பாரமான கதையைத் தனியே வைத்துக்கொள்ளாமல் மற்றொரு ஆலோசகரையும் சேர்த்துக்கொண்டு பிள்ளையை உரிய சேவைக்கு அனுப்புங்கள். அனுப்பிவிட்டு, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று நம்பிக்கையான ஒருவரிடம் நீங்களும் சொல்லுங்கள்.

துறைத்தலைவர்களே, பீடாதிபதிகளே, மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு இளம் விரிவுரையாளரோடும் கால் மணி நேரம் உட்காருங்கள். ‘ஆய்வு எந்தளவில்?’ என்று கேட்பதற்கு முன் ‘உங்களுக்கு எப்படி?’ என்று கேளுங்கள். மாணவர் ஆலோசனைக்குப் போகிற மணித்தியாலத்தை வேலைக் கணக்கில் எழுதி, அதற்குச் சமமாக வகுப்பைக் குறையுங்கள். மாணவர் ஒருவர் இறந்தாலோ, பெரிய விபரீதம் நடந்தாலோ, அதைக் கையாண்ட ஆசிரியரை மறுநாள் காலை எட்டு மணி வகுப்புக்கு அனுப்பாதீர்கள். வழிகாட்டியாக ஒரு மூத்தவரை நியமித்தால் அவர் அந்த இளையவரை மதிப்பிடுகிற ஆளாக இருக்கக் கூடாது. மதிப்பெண் போடுகிறவரிடம் யாரும் மனம் திறக்கமாட்டார்கள்.

உபவேந்தர்களுக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் சொல்ல வேண்டியது இது: தமிழ் பேசும் பிள்ளைகள் படிக்கிற ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தமிழில் பேசக்கூடிய, பயிற்சி பெற்ற, முழுநேர உளவளத்துணையாளர் ஒருவராவது வேண்டும். பெலிஹுல்ஓயாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் வராமல் போகக் கூடாது. வெற்றிடங்களை நிரப்புவது நிதி விடயம் மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்பும்தான். 2012இல் விரிவுரையாளர் சங்கங்களின் சம்மேளனம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்குக் கேட்டு மூன்று மாதம் போராடியது. அடுத்த போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கும் வரிக்கும் பக்கத்தில் மனநலத்துக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

வீட்டாரே, வெள்ளி இரவு வந்து இறங்குகிறவரிடம் வாசலிலேயே வீட்டுக் கணக்கை எடுக்காதீர்கள். சனிக்கிழமை முழுவதும் அவர் தூங்கினால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். தூங்கியும் தெளியவில்லை என்றால் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

மாணவர்களே, உங்கள் சேரும் மிஸ்ஸும் இரவில் தூங்க வேண்டியவர்கள். உங்கள் கஷ்டத்தைச் சொல்லாமல் விடச் சொல்லவில்லை. சொல்லுங்கள்; ஆனால் 1926ஐயும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம்; 24 மணி நேரமும் எடுப்பார்கள். 1333 இலக்கத்தில் இலவச உளவளத்துணை கிடைக்கும். நேரில் போக விரும்பினால் பதுளை வைத்தியசாலையிலும் இரத்தினபுரி வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரே இலக்கம்தான், ஒரே கதவுதான்.

இரண்டு இலக்கத்தையும் இப்போதே தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். பிறகு, கொஞ்ச நாளாகச் சத்தம் குறைந்துபோன ஒரு சக ஆசிரியர் உங்கள் ஞாபகத்துக்கு வருகிறாரென்றால், இன்றைக்கே அவருக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.